மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் எப்படி இவ்வளவு வேகமாக வளர்கின்றன? பிறகு ஏன் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன?

சென்னை விமான நிலையத்தில் ஒரு மலிவுக் கட்டண நிறுவனத்துக்காக ஏழு வருடம் ரேம்ப்பில் வேலை பார்த்திருக்கிறேன். ரேம்ப் என்றால் விமானம் வந்து நிற்கும் கான்கிரீட் தரை. நிறுவனத்தின் பெயர் இந்தப் பதிலுக்குத் தேவையில்லை. கேள்வி இந்திய நிறுவனங்களைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாப்பாடு கொடுப்பதில்லை, அதனால்தான் டிக்கெட் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பாட்டில் மிச்சமாவது சொற்பம். டிக்கெட்டை மலிவாக்குவது நேரம். விமானம் தரையில் நின்றாலும் அதன் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பறந்தால்தான் வருமானம். எனவே ஒரு விமானத்தை ஒரு நாளில் 12, 13 மணி நேரம் காற்றில் வைத்திருக்க வேண்டும். மற்ற எல்லாச் சிக்கனமும் இதற்குப் பின்னால் வருவதுதான்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை ரேம்ப்பில் நின்று பார்த்தால்தான் புரியும். விமானம் அதற்கான நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும். அதன் வயிற்றில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். அது அணையும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது, என்ஜின் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். விளக்கு அணைந்ததும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். ஹெட்செட் போட்டவர் "சாக்ஸ் ஆன்" என்பார், கட்டை வைத்தாயிற்று என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து 30 நிமிடம் எங்களுக்கு. முன்கதவிலும் பின்கதவிலும் படிக்கட்டோ சாய்தளமோ சேரும், இரண்டு வழியாகவும் ஆட்கள் இறங்குவார்கள். அதற்குள் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பெல்ட் லோடர் வண்டி சரக்கறைக் கதவுக்குப் போய்விடும். இறக்கைப் பக்கம் எரிபொருள் லாரி. உள்ளே பணிப்பெண்களே குப்பையைப் பொறுக்கி, இருக்கை பெல்ட்டுகளை ஒழுங்காக மடித்து வைப்பார்கள். துப்புரவுக்குத் தனி ஆள் வந்து போக நேரம் கிடையாது. கேப்டனோ துணை விமானியோ கீழே இறங்கி விமானத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். சரக்கின் எடையும் பயணிகளின் எண்ணிக்கையும் போட்ட தாள் மேலே போகும். கதவு சாத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒரு பயணி வரவில்லை என்றால், அவர் பெட்டியைத் தேடி எடுத்து இறக்க வேண்டும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் கட்டம் அதுதான்.

எங்கள் அணியில் ஓர் அண்ணன் இருந்தார், இருபது வருடமாகப் பெட்டி ஏற்றுபவர். சரக்கறைக்குள் முட்டி போட்டு உட்கார்ந்துதான் அடுக்க வேண்டும், நிமிர முடியாது. முதல் வாரம் நான் அவசரமாக அடுக்கியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இங்க நிமிஷத்த மிச்சம் பண்ணி அங்க இழக்காத. அடுத்த ஊர்ல இறக்குறவனுக்குக் கை எட்டுற மாதிரி அடுக்கு." மலிவுக் கட்டணத் தொழிலைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விளக்கம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஓர் ஊரில் நடப்பது அடுத்த ஊரைப் பிடிக்கும்.

கணக்கு எளிது. ஒரு விமானம் நாளுக்கு ஆறு முறை பறந்தால் இடையில் ஐந்து முறை தரையில் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம் நின்றால் நாளுக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். அதில் இன்னோர் ஊருக்குப் பறந்துவிடலாம், 180 இருக்கைகள் கூடுதலாக விற்கலாம். அதே விமானம், அதே வாடகை.

இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தது ஏர் டெக்கான். ராணுவத்திலிருந்து வந்த கேப்டன் கோபிநாத் 2003-ல் 48 பேர் உட்காரும் சிறிய ஏடிஆர் விமானங்களோடு ஆரம்பித்தார். அச்சடித்த டிக்கெட் இல்லை. பெட்ரோல் பங்கிலும் தபால் நிலையத்திலும்கூட முன்பதிவு செய்ய முடிந்தது. 1 ரூபாய் டிக்கெட் என்பது அவர் காலத்தில் வந்ததுதான். விமானமே ஏறாத ஒரு தலைமுறை முதன்முதலாக ஏறியது. அவர் செய்த அந்தக் காரியத்துக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது என்பேன். ஆனால் வளர்ந்த வேகத்துக்குப் பணம் தாங்கவில்லை. புதிய ஊர்கள், ஏடிஆரோடு புதிதாகப் பெரிய ஏர்பஸ் விமானங்கள், இரண்டு வகை விமானங்களுக்கும் தனித்தனி விமானிகள், தனித்தனி உதிரி பாகங்கள். போட்டிக்கு வந்தவர்களும் விலையைக் குறைத்தார்கள். 2007-ல் கிங்ஃபிஷர் அதில் பங்கு வாங்கியது, அடுத்த வருடம் டெக்கான் என்ற பெயரே போய் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. சொகுசுக்குப் பெயர் எடுத்த நிறுவனத்தின் கையில் சிக்கன நிறுவனம். 2012-ல் கிங்ஃபிஷரே நின்றுவிட்டது.

இண்டிகோ வேறு வழியில் போனது. அதைத் தொடங்கிய ராகுல் பாட்டியாவும் ராகேஷ் கங்வாலும் 2005-ல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் 100 ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அப்போது அவர்களிடம் ஒரு விமானம்கூடக் கிடையாது, முதல் சேவையே 2006 ஆகஸ்டில்தான். ஏன் 100? மொத்தமாக வாங்கினால் விலை அடியோடு குறையும். இதற்குப் பிறகு வரும் கட்டம்தான் பலருக்குத் தெரியாதது. விமானம் கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். உதாரணத்துக்கு, தள்ளுபடி போக 100-க்கு வாங்கியதை 110-க்கு விற்றால், கையில் ரொக்கம் வரும், பறக்க விமானமும் இருக்கும். ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு, பெரிய பராமரிப்புச் செலவு வரும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாம். ஒரே வகை விமானம் என்பதால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், எந்த ஊர் பொறியாளரும் பழுது பார்க்கலாம். 2023-ல் ஒரே வருடத்தில் 10 கோடிப் பயணிகளைத் தாண்டினார்கள். அதே வருடம் ஒரே ஆர்டரில் 500 விமானங்கள் கேட்டார்கள்.

2017-ல் இண்டிகோவும் ஏடிஆர் வாங்கியது. அதில் 78 இருக்கைகள். 80-க்குக் குறைவான இருக்கை உள்ள விமானங்களுக்கு உள்நாட்டில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தப் பணம் மிச்சம். தூத்துக்குடி ஓடுபாதை பல வருடங்கள் 1,350 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க முடியாது. இந்தச் சிறிய விமானங்கள் இல்லாவிட்டால் அந்த ஊருக்குச் சேவையே இருந்திருக்காது. சேலத்தின் கதை இன்னும் வருத்தமானது. 2018-ல், சிறிய ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில், ட்ரூஜெட் என்ற நிறுவனம் சென்னையிலிருந்து பறந்தது. பிறகு நின்றது. மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபரில். சிறிய ஊர்களுக்கு விமானம் விடுவது நல்ல காரியம். ஆனால் மானியமும் சலுகையும் தீர்ந்த பிறகும் ஓட்டக்கூடிய நிறுவனம் வேண்டும்.

இனி, ஏன் மூடப்படுகின்றன என்பது. டிக்கெட்டை ரூபாயில் விற்கிறோம். விமான வாடகை, என்ஜின் பராமரிப்பு, உதிரி பாகம் எல்லாம் டாலரில். 2006-ல் ஒரு டாலர் 45 ரூபாய் வாக்கில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. செலவு தானாகவே இரட்டிப்பாகிறது, ஆனால் டிக்கெட் விலையை அப்படி ஏற்ற முடியாது. எரிபொருள் இன்னொரு தலைவலி. ஏ320 மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் குடிக்கும். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். சில இடங்களில் ஒற்றை இலக்கச் சதவீதம், சில இடங்களில் 25-க்கும் மேல். வரி குறைவான ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு வரும் விமானங்களுக்கு நானே கட்டை வைத்திருக்கிறேன். 2014 டிசம்பரில் ஸ்பைஸ்ஜெட்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்து, விமானங்கள் சில மணி நேரம் அப்படியே நின்றன. பயணிகள் இருந்தார்கள், விமானம் இருந்தது, கையில் ரொக்கம்தான் இல்லை.

கோ ஃபர்ஸ்ட் என்ற நிறுவனம் விழுந்தது என்ஜினால். எரிபொருளை 15 சதவீதம் மிச்சப்படுத்தும் புதிய பிராட் அண்ட் விட்னி என்ஜின்கள் அடிக்கடி பழுதாகின. மாற்று என்ஜின் வரவில்லை. 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தபோது ஏறத்தாழ பாதி விமானங்கள் தரையில் நின்றன. ஒரே வகை விமானம் என்பது சிக்கனம் என்று மேலே சொன்னேன். அந்த வகைக்கு நோய் வந்தால் மொத்தக் கூட்டமும் படுக்கும். இண்டிகோவிலும் இதே என்ஜின்களால் பல விமானங்கள் நின்றன. ஆனால் அவர்கள் கையில் பணம் இருந்தது, வேறு விமானங்களை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார்கள்.

மலிவுக் கட்டணத் தொழிலின் பலம் மிச்சம் வைக்காமல் ஓட்டுவது. அதன் பலவீனமும் அதுவே. நிமிடத்தில் மிச்சமில்லை, விமானத்தில் மிச்சமில்லை, ஆளிலும் மிச்சமில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே பார்த்தது. விமானிகளுக்கு வார ஓய்வைக் கூட்டி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைக்கும் புதிய விதிகள் இரண்டு கட்டமாக ஜூலையிலும் நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. அவை 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. அப்படியும் இண்டிகோ போதிய ஆள் வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் ஒரே நிறுவனத்தில் பறக்கும் நாட்டில், அது நின்றால் மற்றவர்களிடம் இடமே கிடையாது. அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு போட வேண்டிய நிலை வந்தது.

அந்த வாரச் செய்திகளைப் பார்த்தபோது எனக்கு என் வேலைக்காலத்து ஓர் இரவு ஞாபகம் வந்தது. மழை. காலையில் முதல் விமானம் 40 நிமிடம் தாமதம். அது ஊர் ஊராகப் பெருகி, இரவு மதுரை விமானத்துக்கு வரும்போது விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது. மாற்று விமானி இல்லை. இரவு பத்தரைக்கு ரத்து என்று அறிவித்தார்கள். கேட்டில் ஆள் போதாமல் ரேம்ப்பிலிருந்த என்னையும் அனுப்பினார்கள். கூட்டத்தில் கத்தாமல் நின்றவர் ஒருவர்தான். அறுபது வயது இருக்கும், கையில் ஒரு துணிப்பை மட்டும். "அக்கா தவறிட்டாங்க தம்பி. காலையில எடுத்துருவாங்க" என்றார். பாண்டியன் எக்ஸ்பிரஸ் போயிருந்தது. அவசரமாகப் போக வேண்டிய இன்னும் மூன்று பேரைச் சேர்த்து ஒரு காரைப் பிடித்து ஏற்றிவிட்டோம். நிறுவனம் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கார் வாடகை அவர்கள் கையிலிருந்துதான்.

அன்று பறக்க மறுத்த கேப்டன் மீது எனக்குக் கோபமில்லை. அவர் செய்தது சரி. பதினொன்றாவது மணி நேரத்தில் கண் எரிய ஒருவர் விமானம் ஓட்டக் கூடாது. விமானியின் தூக்கத்திலிருந்து மிச்சம் பிடிக்கவே கூடாது. ஒவ்வொரு தளத்திலும் தயார் நிலையில் இரண்டு மூன்று விமானிகளைக் கூடுதலாக வைத்தால் செலவுதான். ஒரு டிக்கெட்டுக்குக் கொஞ்சம் விலை ஏறும். ஏறட்டும் என்பேன். ஒரு நிறுவனம் எத்தனை விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், இருக்கிற விமானங்களுக்கு எத்தனை விமானிகள் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் தேடுகிறேன்.

கேள்வி கேட்டவர் அடிக்கடி பயணம் செய்பவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். தவறவிடக் கூடாத காரியம் என்றால் காலை முதல் விமானத்தை எடுங்கள். அது முந்தின இரவே அந்த ஊரில் வந்து நின்றிருக்கும், பெரும்பாலும் விமானிகளும் அங்கேயே தங்கியிருப்பார்கள். வேறு ஊரின் தாமதம் அதைத் தொடாது. இரவு கடைசி விமானம் விலை குறைவாகத் தெரியும். அன்றைய நாளின் எல்லாத் தாமதமும் அதில்தான் வந்து சேரும், ரத்தானால் அன்றைக்கு அதற்குப் பின்னால் வேறு விமானமும் இருக்காது.