கல்வராயன் மலைக்குப் பழைய டோபோ ஷீட்: கேள்வி பதில்

பழைய ஒரு அங்குல டோபோ ஷீட்டுகளை, அதாவது தரையில் ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் நில அளவை வரைபடத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கல்வராயன் மலையில் நடப்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டார மலையேற்ற ஆர்வலர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அண்ணா, கல்வராயனுக்கு எந்த ஷீட்? அந்த எண்ணைப் பார்த்தாலே தலை சுத்துது.

ஒரு தடவை பிடிபட்டால் மறக்காது தம்பி. 58 என்ற எண் கிழக்கு 76 முதல் 80 டிகிரி, வடக்கு 8 முதல் 12 டிகிரி வரை உள்ள பெரிய கட்டம். அதை ஒவ்வொரு டிகிரியாக 16 ஆகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை 16 ஆங்கில எழுத்துகள் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துகள் இடமிருந்து வலமாகப் போகாது. வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழே இறங்கி, அடுத்த நெடுவரிசைக்குத் தாவும். பலர் தப்பான தாளை இறக்கி வைத்திருப்பது இதனால்தான். ஒவ்வொரு எழுத்தையும் அதே ஒழுங்கில் 15 நிமிடக் கட்டங்களாக 1 முதல் 16 வரை பிரித்தால் ஒரு அங்குலத் தாள் வந்துவிடும். கடலூரும் புதுச்சேரியும் 58 எம். கல்வராயனில் பெரும்பகுதி 58 ஐ-யில் 9, 10, 13 ஆகிய தாள்களில் விழும், ஓரங்கள் பக்கத்துத் தாள்களில். பின்னால் வந்த பழைய வரிசை 1:50,000 தாளுக்கும் இதே எண்தான், இன்றைய புதிய வரிசைக்கு எண் முறை வேறு.

தேடும்போது இன்னொன்று: பழைய தாளில் மலையின் பெயர் 'கல்ராயன்' என்றும், மாவட்டம் 'தென்னாற்காடு' என்றும் இருக்கும். தென்னாற்காடு 1993-இல் பிரிந்தது, கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல் வந்தது. இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் சிக்காது.

லாஸ்பேட்டையிலிருந்து: சார், ஸ்கேன் எங்கே கிடைக்கும்?

இன்றைய 1:50,000 தாளை இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கலாம். பழையதில் இலவசமாகக் கிடைப்பது அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிடத் தொடங்கிய 1:2,50,000 வரிசை. டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இருக்கிறது, கல்வராயனுக்கு என்.சி. 44-1 என்ற எண்ணுள்ள தாள். மலையின் மொத்த அமைப்பைப் பார்க்க நல்லது, ஆனால் அதை நம்பிப் பாதை தேடாதீர்கள். அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். ஒரு அங்குலத் தாளுக்குப் பல்கலைக்கழகப் புவியியல், நிலவியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரியிலேயே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, முன்அனுமதி கேட்டுப் போகலாம்.

ஸ்கேன் 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது. அந்த அளவில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 5.4 மீட்டர்.

பண்ருட்டியிலிருந்து: படத்தைப் போனில் ஏத்திட்டேன். நான் ஓடைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், புள்ளி அந்தப் பக்கம் காட்டுது. ஜிபிஎஸ் கோளாறா?

ஜிபிஎஸ் சரியாகத்தான் இருக்கும். பூமியின் வடிவத்தையும் அளவு தொடங்கும் இடத்தையும் வரையறுக்கும் அடிப்படையை டேட்டம் என்பார்கள். பழைய தாள் எவரெஸ்ட் நீள்கோளத்தையும் கல்யாண்பூர் டேட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டது, உங்கள் போன் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு டேட்டத்தில் வேலை செய்கிறது. நம் வட்டாரத்தில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 200 மீட்டர் நகர்வு உண்டு. தாளில் அது வெறும் 3 மில்லிமீட்டர், மலையில் ஒரு ஓடை தள்ளி நிற்பீர்கள்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், ஸ்கேனைத் தரையின் இடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்ஸர் கருவியைத் திறந்து, இலக்கு ஒருங்கமைவாக இபிஎஸ்ஜி 4146 என்ற குறியீட்டை (கல்யாண்பூர் 1975) கொடுங்கள். நாலு மூலையோடு நிற்காமல், 5 நிமிடக் கோடுகள் வெட்டும் இடங்களையும் சேர்த்து 16 புள்ளி குத்துங்கள். படத்தைப் பொருத்தும் முறையாக முதலில் பாலினாமியல் 1 போதும். எஞ்சும் பிழை 5 பிக்சலுக்குள் இருந்தால் நல்ல ஸ்கேன். ஒரு புள்ளி மட்டும் நூற்றுக்கணக்கான பிக்சல் காட்டினால் நீங்கள் தட்டச்சில் நிமிடத்தை மாற்றிப் போட்டிருப்பீர்கள். ஒரு வரிசை முழுக்கப் பிழை காட்டினால் தாளில் மடிப்பு, அப்போது வளைந்து பொருந்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறை.

அதற்குப் பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டபிள்யூஜிஎஸ்-க்கு மாற்றும்போது எந்த உருமாற்றம் என்று மென்பொருள் கேட்கும். இந்தியாவுக்கான 295, 736, 257 மீட்டர் நகர்வு கொண்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனிக்காமல் சரி அழுத்தினால் அந்த 200 மீட்டர் அப்படியே தங்கிவிடும். கடைசியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துச் சரிபாருங்கள். அதற்குப் பாறைக் குன்றின் உச்சி, இரண்டு ஓடை கூடும் இடம், பழைய கோயில் குளம் இவை நல்ல சாட்சி. சாலை வளைவும் ஆற்று மணல் திட்டும் இடம் மாறுபவை.

போனுக்கு எம்பிடைல்ஸ் (வரைபடத்தைச் சிறு துண்டுகளாகச் சேமிக்கும் வகை) கோப்பாக எடுங்கள், ஜூம் 12 முதல் 15 வரை. அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும், தெளிவு கூடாது.

முத்தியால்பேட்டையிலிருந்து: பழைய பிரெஞ்சு வரைபடத்தில் புதுச்சேரியே 77½ டிகிரிக்குப் போயிடுது ஐயா.

அது கிரீனிச்சுக்குப் பதில் பாரிஸிலிருந்து எண்ணிய தீர்க்கக்கோடு. 2° 20′ 14″ கூட்டுங்கள். 77° 30′ என்றிருந்தால் 79° 50′, புதுச்சேரி தன் இடத்துக்கு வந்துவிடும். ஆங்கிலேயர் காலத்து மிகப் பழைய தாள்களிலும் ஓரத்தில் தீர்க்கத் திருத்தம் அச்சிட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். ஒரு நிமிடம் தப்பினால் இங்கே 1.8 கிலோமீட்டர்.

விருத்தாசலத்திலிருந்து: படத்தில் ஒற்றையடிப் பாதை அழகா இருக்கு. போய் நின்னா முள்ளும் உண்ணிச்செடியும்தான். பழைய படத்தை நம்பவே கூடாதா அண்ணே?

நம்ப வேண்டியதையும் சரிபார்க்க வேண்டியதையும் பிரித்துக்கொள்ளுங்கள். மலைமுகடு, கணவாய், ஓடைப் பள்ளம் இவற்றைச் சமதள மேசை என்ற அளவைப் பலகையோடு நடந்து அளந்தவர்கள் வரைந்தார்கள், அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. பாதை, குடிசை, கிணறு, காட்டின் அடர்த்தி எல்லாம் அளந்த ஆண்டின் நிலை. அந்த ஆண்டு தாளின் ஓரத்தில் இருக்கும். அச்சிட்ட ஆண்டையும் அளந்த ஆண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் நடுவே பல வருடம் இடைவெளி இருக்கலாம்.

பாதை மறைந்தாலும் அது ஏன் அந்த வழியாகப் போனது என்ற காரணம் மறையாது. தலைச்சுமையோடு போகிறவர்கள் இரண்டு ஊரைத் தாழ்ந்த கணவாய் வழியாகத்தான் இணைப்பார்கள். அதனால் புதருக்குள் பாதையைத் துழாவ வேண்டாம். படத்தில் அது கடக்கும் கணவாயையும் ஓடைத்துறையையும் குறித்துக்கொண்டு அந்த இரண்டு புள்ளிகளுக்குப் போங்கள். கணவாயில் தேய்ந்த பாறை, அடுக்கிய கல், ஒரு சாமிக்கல் என்று ஏதாவது தட்டுப்படும், அங்கிருந்து பாதை பிடிபடும். ஊரில் பெரியவர்களிடம் 'இந்தப் பாதை எங்கே போகுது' என்று கேட்பதைவிட, 'அந்தக் காலத்தில் சந்தைக்கு எந்த வழியாப் போவீங்க' என்று கேளுங்கள். பதில் துல்லியமாக வரும். தாளில் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயரும் அவர்கள் வாயால் திருந்தும். அதைத் தமிழிலேயே குறித்து வையுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

வில்லியனூரிலிருந்து: ஏற்றம் எவ்வளவு செங்குத்துன்னு முன்னாடியே எப்படிக் கணக்குப் போடுறது?

முதலில் அலகைப் பாருங்கள். ஒரு அங்குலத் தாளில் உயரம் அடியில், புதிய தாளில் மீட்டரில். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. இதை மீட்டர் என்று படித்தால் திட்டம் முழுக்கத் தப்பும்.

1:50,000 தாளில் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று என்று வையுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் ஏற்றம், சுமார் 22 டிகிரி. அரை மில்லிமீட்டர் என்றால் கையூன்றி ஏற வேண்டிய சரிவு, மூட்டையோடு போகாதீர்கள். கோட்டு இடைவெளி தாளுக்குத் தாள் மாறும், ஓரத்தில் படித்த பிறகே கணக்கு.

நேரத்துக்கு 5 கிலோமீட்டருக்கு 1 மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 6 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 12 நிமிடம். இது நல்ல பாதைக்கு. புதர்க்காட்டில் இரட்டிப்பாக்குங்கள்.

சிதம்பரத்திலிருந்து: படத்தில் நீர் இருக்குற ஓடையில் தண்ணி கிடைக்குமா?

நீலம் என்றால் அளந்தபோது நீர் இருந்தது, கறுப்பு என்றால் வறண்ட படுகை. நீலத்தையும் நம்பித் தண்ணீர் எடுக்காமல் கிளம்பாதீர்கள், ஆளுக்கு 4 லிட்டர். 1960-களில் கட்டிய கோமுகி அணை அதற்கு முந்தைய தாளில் இருக்காது, நடந்து போகலாம் என்று காட்டும் பள்ளத்தில் இன்று நீர்த்தேக்கம். இந்த மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும்தான் வெள்ளாற்றில் சேர்ந்து உங்கள் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. தாள்களை ஒட்டி வைத்து அந்த ஓட்டத்தை விரலால் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள், மலையின் அமைப்பு மனதில் நின்றுவிடும்.

கடலூர் முதுநகரிலிருந்து: போறதுக்கு முன்னாடி எங்கே பழகலாம்?

செஞ்சி. 57 பி (P) வரிசைத் தாள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் முக்கோணமாக நிற்பதால் திசைகாட்டி வைத்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. இரண்டு உச்சிக்குக் கோணம் எடுத்து, 180 டிகிரி திருப்பித் தாளில் கோடு போடுங்கள். வெட்டும் இடம் உங்கள் இடம். மூன்றாவது உச்சி அதைச் சரிபார்க்கும்.

பாகூரிலிருந்து: அனுமதி வாங்கணுமா?

தாளில் காப்புக்காடு என்று எல்லை போட்டிருக்கும் இடத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம். மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுதும்போது போகும் வழியைத் தாளிலேயே வரைந்து இணையுங்கள். பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீக் காலம், அப்போது கேட்கவே வேண்டாம்.