அப்பாவின் விசிடிகளைப் பார்க்க 4கே டிவியும் அட்மாஸும் தேவையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு டெரஸ் (வரிசை) வீட்டின் ஹால். சோபாவிலிருந்து டிவி வைக்கும் சுவர் வரை மூன்று மீட்டர். கையில் 8,000 மலேசிய வெள்ளி. அப்பா சேர்த்துவைத்த விசிடிகளும் டிவிடிகளும் இரண்டு அலமாரி நிறைய. பார்க்கப்போவது பெரும்பாலும் தமிழ்ப் படங்கள், அவற்றிலும் பாதிக்கு மேல் பழையவை. இதற்காக டால்பி விஷன் உள்ள 65 அங்குல 4கே டிவி, அல்ட்ரா எச்டி புளூ-ரே பிளேயர், மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் ஸ்பீக்கர்கள் என்று கடைக்காரர் எழுதித் தந்த பட்டியல் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலில் உள்ள பொருள்கள் நல்லவையே. செலவின் வரிசைதான் தவறு. தமிழ்ப் படம் பார்ப்பவருக்குக் குறை பெரும்பாலும் திரையில் இருப்பதில்லை. படம் எந்த மூலத்திலிருந்து வருகிறது என்பதிலும், வசனம் காதில் தெளிவாக விழுகிறதா என்பதிலும்தான் இருக்கிறது. மூலத்தைப் பணம் கொடுத்து மேம்படுத்த வழி குறைவு. ஒலியை மேம்படுத்த நிறையவே வழி உண்டு. ஆகவே பாதிக்கு மேற்பட்ட பணம் ஒலிக்குப் போகட்டும். டிவிக்கு 3,000 வெள்ளியைத் தாண்ட வேண்டாம் என்பேன்.

விசிடியிலிருந்து தொடங்குவோம். பினாங்கு லெபோ பாசாரிலும் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவிலும் கடை வாசலில் பாட்டை அலறவிட்டு விற்ற அந்த வட்டுகளின் படம், நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கான பால் (PAL) முறையில், 352க்கு 288 படப்புள்ளிகள் கொண்டது. ஒரு 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள் இருக்கின்றன. அதாவது விசிடியின் ஒவ்வொரு புள்ளியையும் வைத்துக்கொண்டு உங்கள் புதிய டிவி ஏறக்குறைய 82 புள்ளிகளை ஊகித்து நிரப்ப வேண்டும். படம் அகலத்திரைப் படமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் போக, அந்த 288 கோடுகளில் சுமார் 163 மட்டுமே படத்துக்கு மிஞ்சும். இதில் எவ்வளவு விலையுள்ள டிவியும் அற்புதம் செய்துவிடாது. டிவிடி இதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது என்பதால் மூன்று மீட்டர் தூரத்தில் பார்க்கத்தக்கதாகவே இருக்கும்.

4கே என்பதே அந்தத் தூரத்தில் எவ்வளவு பயன் தரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். குறையில்லாத கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 65 அங்குலத் திரையின் அகலம் சுமார் 144 சென்டிமீட்டர். அதில் முழு எச்டிப் படத்தின் ஒரு புள்ளியைக் கண் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சுமார் 2.6 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 4கே புள்ளிக்கு 1.3 மீட்டர். நீங்கள் உட்காரப்போவது மூன்று மீட்டரில். நல்ல புளூ-ரேக்கும் 4கேக்கும் உள்ள கூர்மை வேறுபாடு உங்கள் சோபாவுக்கு வந்து சேராது. இன்றைக்குக் கடையில் 4கே இல்லாத பெரிய டிவி கிடைப்பதே அரிது என்பதால் 4கே தானாக வந்துவிடும்; அதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

டால்பி விஷன், எச்டிஆர்10 போன்றவற்றின் பயன் கூர்மையில் இல்லை, வெளிச்ச வேறுபாட்டில் இருக்கிறது. எச்டிஆர்10 படம் முழுமைக்கும் ஒரே வெளிச்சக் குறிப்பைக் கொடுக்கிறது; டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி கொடுக்கிறது. விசிடியிலும் டிவிடியிலும் சாதாரண புளூ-ரேயிலும் இந்த இரண்டுமே கிடையாது. ஸ்ட்ரீமிங்கில் வரும் சில புதிய படங்களுக்கு மட்டுமே இது உதவும். டெரஸ் வீட்டு ஹாலில் பிற்பகல் வெயில் கிரில் கேட் வழியாகத் திரைமேல் விழும்போது, எந்தச் சின்னம் அட்டைப்பெட்டியில் அச்சாகியிருக்கிறது என்பதைவிடத் தடித்த திரைச்சீலை ஒன்று அதிக வேலை செய்யும். இதே காரணத்தால் புரொஜெக்டரையும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

டிவி வந்த அன்றே மாற்ற வேண்டிய இரண்டு அமைப்புகள் உண்டு, இவற்றுக்குச் செலவே இல்லை. முதலாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுவது. அவற்றுக்கு இடையில் இல்லாத சட்டங்களை டிவி தானே உருவாக்கிச் செருகும்போது, பெரிய திரைக்காக எடுத்த காட்சி தொலைக்காட்சித் தொடர் போல மாறிவிடுகிறது. சோனி இதை மோஷன்ஃப்ளோ என்கிறது, எல்ஜி ட்ரூமோஷன் என்கிறது. எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். 2019இல் அறிமுகமான ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

இரண்டாவது, படத்தின் வடிவம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முன் வந்தவை பெரும்பாலும் சதுரத்துக்கு நெருங்கிய வடிவம் கொண்டவை. அவற்றை அகன்ற டிவியில் இழுத்துப் பரப்பிப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. 'இடம் வீணாகிறதே' என்று பெரியவர்கள் வருந்துவார்கள். நடிகர் திலகத்தின் முகம் பூசணிக்காய் போல விரிவதைவிடப் பக்கவாட்டில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருப்பது மேல் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மறுவெளியீட்டின்போது அகலத்திரையாக மாற்றப்பட்ட சில பழைய படங்களில் தலையும் காலும் வெட்டுப்பட்டிருக்கின்றன. அந்த வகையில், மங்கலாக இருந்தாலும் முழுச் சட்டமும் உள்ள பழைய வட்டைத்தான் நான் தேர்வேன். இந்தக் கருத்தை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்குத் தூய்மையான படம் முக்கியம், எனக்கு ஒளிப்பதிவாளர் கட்டிய சட்டம் முக்கியம்.

டிவிடிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 24 சட்டப் படத்தை நொடிக்கு 25 சட்டங்கள் ஓடும் பால் முறைக்கு மாற்றும்போது பெரும்பாலும் படத்தையே நான்கு விழுக்காடு வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் குறைந்துவிடும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் குரலும் உயரும், அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. வானொலியில் டி.எம்.எஸ். பாடலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அதே பாடல் டிவிடியில் ஏதோ அவசரத்தில் பாடியதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். அதே படம் புளூ-ரேயில் கிடைத்தால் 24 சட்டங்களிலேயே ஓடும் என்பதால், பாடலுக்காகவே படம் பார்ப்பவர்களுக்கு அதை மறுபடியும் வாங்குவது தகும்.

அல்ட்ரா எச்டி புளூ-ரே பிளேயரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அந்த வடிவத்தின் மீது எனக்குக் குறையில்லை. 100 ஜிபி வரை கொள்ளும் வட்டில் வரும் படமும், இழப்பில்லாமல் சுருக்கிய ஒலியும் ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதைவிட மேலானவை. ஆனால் தமிழ்ப் படங்கள் அதில் வருவது மிக அரிது. பிளேயர் தயாரிக்கும் நிறுவனங்களும் ஒதுங்கிக்கொண்டே இருக்கின்றன. ஓப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் புதிய பிளேயர்கள் தயாரிப்பதை நிறுத்திவிட்டன. உங்களுக்குச் சாதாரண புளூ-ரே பிளேயர் ஒன்று போதும். வாங்குவதற்கு முன் அது விசிடியை ஓட்டுமா என்று கையேட்டில் பாருங்கள், ஏனென்றால் எல்லா புளூ-ரே பிளேயர்களும் ஓட்டுவதில்லை. வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீட்டையும் பாருங்கள். டிவிடியில் மலேசியா மூன்றாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். புளூ-ரேயில் நாம் ஏ, இந்தியா சி. விசிடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி ஒலி. டெரஸ் வீட்டு ஹாலைப் போல வசனத்துக்குப் பகையான அறை வேறில்லை. தரையில் டைல்ஸ், நான்கு பக்கமும் பூச்சுச் சுவர், மேலே கான்கிரீட், பின்னால் கதவில்லாமல் சமையலறை வரை நீளும் இடம். ஒரு சொல் ஸ்பீக்கரிலிருந்து நேராகவும், தரையிலும் சுவரிலும் பட்டுச் சற்றுத் தாமதமாகவும் காதுக்கு வருகிறது. தமிழின் வல்லின மெய்கள் குறுகிய வெடிப்பொலிகள் என்பதால் முதலில் மங்குபவை அவைதான். அதோடு மின்விசிறி சுழலும் சத்தமும் சேர்ந்தால், அப்பா ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டுவார். அடுத்த நிமிடம் சண்டைக்காட்சி வந்ததும் அம்மா குறைக்கச் சொல்வார். இந்த இழுபறிக்கு மருந்து கூடுதல் ஸ்பீக்கர்கள் அல்ல. சோபாவுக்கும் டிவிக்கும் இடையே ஒரு பெரிய தடித்த கம்பளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி, சன்னலுக்குக் கனமான திரைச்சீலை ஆகியவற்றை முதலில் வையுங்கள். பிறகு உங்கள் பட்ஜெட்டில் முடிந்த மிகச் சிறந்த நடு ஸ்பீக்கரை வாங்குங்கள். திரைப்படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. அதை டிவி மேசையின் உள் அறைக்குள் ஒளித்துவைக்காமல், விளிம்புக்கு இழுத்து, முகத்தை உட்கார்ந்திருப்பவர் காதை நோக்கிச் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும்.

ஏவி ரிசீவர் (ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), நடு ஸ்பீக்கர், இடம் வலம் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபர் என்ற 3.1 அமைப்போடு தொடங்குவதே என் பரிந்துரை. பின் ஸ்பீக்கர்களை அடுத்த தீபாவளி போனஸில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய படங்களுக்கு அவை தேவையே இல்லை. அவற்றின் ஒலி ஒற்றைத் தடம் (மோனோ). ரிசீவரில் டால்பி சரவுண்ட் முறையைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஒலியை அது நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். குரல் சரியாகத் திரையின் நடுவிலிருந்து வரும், படக் கொட்டகையில் வந்ததுபோலவே. ஒற்றைத் தட ஒலியைச் செயற்கையாக அறை முழுக்கப் பரப்பும் 'ஹால்', 'ஸ்டேடியம்' வகை அமைப்புகளைத் தொடவே வேண்டாம். படச்சுருளில் ஒளியால் பதிந்த பழைய ஒலித்தடங்களில் உயர்ந்த அதிர்வெண்களில் இசையைவிட இரைச்சலே அதிகம் என்பதால், அவற்றைப் பார்க்கும்போது ட்ரெபிளைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

சப்வூஃபரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரின் ஓரத்தில் வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலி செங்கல் சுவரை எளிதாகக் கடந்துவிடும். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உங்களோடு சேர்ந்து படம் பார்க்க விரும்பமாட்டார். ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையை (கிராஸ்ஓவர்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இரவில் ரிசீவரின் நைட் மோட் வசதியைப் பயன்படுத்துங்கள். உரத்ததை அடக்கி மெல்லியதை உயர்த்தும் அந்த வசதியைத் தூய்மைவாதிகள் ஏளனம் செய்வார்கள், டெரஸ் வீட்டில் குடியிருக்காதவர்கள்.

அட்மாஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஒலியோடு வெளியான முதல் இந்தியப் படம் 2012இல் வந்த 'சிவாஜி 3டி'. அதற்குப் பிந்திய படங்களில்தான் மேலிருந்து வரும் ஒலிக்குப் பொருள் உண்டு. ஸ்ட்ரீமிங்கில் அது டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருவதால், டிவியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுசெல்லும் சாதாரண ஏஆர்சி இணைப்பே அதைச் சுமந்துவிடும், டிவி அதை அனுப்பக்கூடியதாக இருந்தால் போதும். இழப்பில்லாத ட்ரூஎச்டி ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். நீங்கள் பிளேயரை நேராக ரிசீவரிலேயே இணைக்கப்போகிறீர்கள் என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

பணம் ஒதுக்கிவைக்க வேண்டிய இன்னொன்று, மின்னல் தடுப்புள்ள நல்ல மின்பலகை. பினாங்கின் மாலை நேர இடிமழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் பெரிய இடி வரும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதே உறுதியான வழி.

வட்டுகளுக்கு வருவோம், ஏனென்றால் அவைதான் அவசரம். விசிடியில் படம் பதிந்திருக்கும் பகுதிகளில், கணினிக் குறுவட்டில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கு கிடையாது. 74 நிமிடப் படத்தை ஒரு குறுவட்டில் அடைப்பதற்காக அதைத் தியாகம் செய்தார்கள். சிறு கீறலும் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் இருப்பவை பூஞ்சை பிடிக்கவும் கூடும். ஒரு கணினியும் வெளி வட்டு இயக்கியும் இருந்தால், 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறையில் இருக்கும் 'டாட்' (.DAT) கோப்புகளை அப்படியே வன்தட்டில் நகலெடுத்துவிடுங்கள்; விஎல்சி என்ற மென்பொருள் அவற்றை நேராக ஓட்டும். இப்போது வேறெங்கும் கிடைக்காத படங்களை முதலில் எடுங்கள். யூடியூபில் '4கே' என்று தலைப்பிட்டு ஏற்றப்படும் பழைய பாடல்களை நம்பி வட்டை வீசிவிடாதீர்கள். அவற்றில் பல, மங்கலான மூலத்தைச் செயற்கை நுண்ணறிவால் தீட்டியவை. முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகி, கண்ணிமை இருக்குமிடத்தில் கோடு மட்டும் மிஞ்சியிருக்கும்.

டிவி வாங்கும் நாளில் அந்த நகல்களில் ஒன்றை எம்பிஜி கோப்பாக மாற்றிப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஓடும் மாதிரிக் காணொலிகள் எந்த டிவியிலும் அழகாகவே தெரியும். டிவிக்கு டிவி உண்மையான வேறுபாடு தெரிவது குறைந்த தரப் படத்தை அது எப்படிப் பெரிதாக்குகிறது என்பதில்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரவுக்காட்சி ஒன்று, ஓடும் எழுத்துகள் உள்ள தலைப்புக்காட்சி ஒன்று, இரண்டையும் இரண்டு மூன்று டிவிகளில் ஓட்டச் சொல்லி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால், அடுத்த கடைக்குப் போகலாம்.