வீடியோ ஓடினால்தான் சாப்பிடுகிறான்: கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. செல்போனில் வீடியோ ஓடினால்தான் வாய் திறக்கிறான். பாட்டுகளை அப்படியே பாடுகிறான். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் இல்லை. கண் கெடாமலிருக்க நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போடலாமா?

பதில்: கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டாம். திரையின் நீல ஒளி விழித்திரையைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. பகல் வெளிச்சத்தில் அதைவிடப் பல மடங்கு நீல ஒளி உண்டு. கிட்டப்பார்வை வராமலிருக்க உதவுவது வெளியில் விளையாடுவதுதான். தைவானில் 2010இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் வந்தது. அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு சில ஆண்டுகளில் இறங்கத் தொடங்கியது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. பாட்டு ஒப்பிப்பது மனப்பாடம். பேச்சு வருவது வேறு விதம்: அவன் ஏதோ சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பேச, அவன் மறுபடி ஏதாவது சொல்ல வேண்டும். வீடியோ அவனுக்காகக் காத்திருக்காது. (தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்காதீர்கள், அது உரையாடல்தான்.) 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறையக் குறைய நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அது தீர்ந்துவிடும்.

இரண்டு வயது முடிவதற்குள் இரு சொல் சேர்ந்து வர வேண்டும். ஆகவே போனை நிறுத்திப் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல், இந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். பழியை எல்லாம் போன்மேல் போட்டால், வேறு காரணம் இருந்தாலும் கண்ணில் படாது.

இனி சாப்பாடு. வீடியோவில் மூழ்கிய பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. உங்களோடு உட்கார வையுங்கள். தானே எடுத்துத் தின்னட்டும், கொஞ்சம் இறைக்கட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். எடை சரியாக உள்ள பிள்ளைக்கு அதனால் கேடில்லை. மனம் இளகிப் போனை நீட்டும் பெரியவர்களைத் தடுப்பதுதான் சிரமம். எல்லோருடைய போனும் அந்த நேரம் வேறு அறையில் இருந்தால் அந்தச் சிரமமும் குறையும்.