போக்கரில் ஃப்ளஷ் டிரா (ஒரே சின்னத்தில் நாலு சீட்டு, ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ்) கிடைத்தால் ரெய்ஸ் பண்ணலாமா (பந்தயத்தை ஏற்றுவது), கால் பண்ணிக் (அதே அளவு கட்டுவது) காத்திருக்கலாமா?

நான் ஆடுவது சனிக்கிழமை இரவுகளில் ரூம் நண்பர்களோடு. காசு கிடையாது, வெறும் சிப்ஸ்தான், கடைசியில் தோற்றவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். நான் வாங்கிக் கொடுத்த பரோட்டாக்களை வைத்துச் சொல்கிறேன்: ரெய்ஸ் பண்ணலாம், ஆனால் எதிரில் இருப்பவன் ஃபோல்ட் பண்ணத் (சீட்டைப் போட்டுவிட்டு விலகத்) தெரிந்தவனா என்று முதலில் பாருங்கள், உங்கள் சீட்டு அப்புறம்.

ஒரு கையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இஸ்பேட் 7, 5. ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக முதலில் விரிக்கிற மூன்று சீட்டு) இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 9, டைமண்ட் 2. பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ், 600 இருக்கிறது, நண்பன் 400 வைக்கிறான், என்னிடம் 1800, அவனிடமும் அதைக் கட்டுகிற அளவுக்கு இருக்கிறது. பார்க்காத 47 சீட்டில் 9 இஸ்பேட், அதாவது அடுத்த சீட்டிலேயே வர 19 சதவீதம், டர்ன் ரிவர் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) இரண்டையும் பார்த்தால் சுமார் 35.

இப்போது 1800-ஐயும் தள்ளினால்? அவன் ஃபோல்ட் பண்ணினால் பாட்டிலிருக்கும் 1000 அப்படியே எனக்கு. கால் பண்ணினால் பாட் 4200, அதில் 35 சதவீதம் 1470, நான் போட்டது 1800, ஆக சராசரியாக 330 நஷ்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு தடவையில் ஒரு தடவை அவன் ஃபோல்ட் பண்ணினாலே போதும், எனக்கு நட்டமில்லை. கை இன்னும் சேராமலே மிரட்டுவது, அவன் கட்டினாலும் சேர வாய்ப்பு மிச்சமிருக்கும், இதைத்தான் செமி பிளஃப் என்கிறார்கள். (அவனிடம் மூன்று 9 மாதிரி ஏதாவது இருந்தால் என் 35 ஏறக்குறைய 25 ஆகிவிடும், அப்போது அவன் பத்துக்கு நாலு தடவைக்கு மேல் ஃபோல்ட் பண்ண வேண்டியிருக்கும். ஆனால் அப்படிச் சீட்டு வைத்திருக்கிறவன் எதற்கு ஃபோல்ட் பண்ணப் போகிறான்?)

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு இரண்டு மாதம் டிரா வந்தபோதெல்லாம் தள்ளினேன். என் நண்பனோ வெறும் இரண்டாம் நம்பர் சீட்டில் ஒரு ஜோடி வந்தாலே போதும், "பாத்துடலாம் மச்சான்" என்று சிப்ஸைத் தள்ளுகிற ஆள். நாலில் ஒன்று என்ன, நாற்பதில் ஒன்று கூட ஃபோல்ட் கிடையாது.

2003 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரில் கடைசி இருவராக கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபார்ஹாவும் மோதிய அந்தக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஹார்ட்டின் 7-உம். மேஜையில் 9, 2, 6, டர்னில் 8, அதில் 9, 6, 8 மூன்றும் இஸ்பேட், அதாவது ஃப்ளஷ் டிரா, ஸ்ட்ரெய்ட் டிரா (வரிசையாக ஐந்து சேர ஒன்று குறைவு) இரண்டும் சேர்ந்து. ஃபார்ஹா 9 ஜோடியை வைத்துக்கொண்டு 3 லட்சம் வைக்க, இவர் 8 லட்சமாக ஏற்றினார். ரிவரில் உதவாத ஒரு 3. டிரா செத்துவிட்டது, அதற்கு மேல் அது செமி பிளஃப் கூட இல்லை, சுத்தமான பிளஃப். இருந்தும் இருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் தள்ளி ஆல் இன் போனார், ஃபார்ஹா யோசித்து யோசித்து ஃபோல்ட் பண்ணினார். யோசிக்கிற ஆள், அதனால்தான் அது நடந்தது. என் நண்பனாக இருந்திருந்தால் மணிமேக்கர் அன்றைக்குப் பரோட்டா வாங்கியிருப்பார்.



அதனால் இப்போது என் நண்பனிடம் வெறும் கால்தான். 400 கட்டி 1000-ஐப் பிடிக்க 19 சதவீதம் போதாது, உண்மைதான், ஆனால் இஸ்பேட் விழுந்த பிறகு அவனிடமிருந்து சராசரியாக இன்னும் 700 வாங்க முடிந்தால் கணக்கு சரியாகிவிடும், அவனோ மிச்சம் 1400-ஐயும் சிரித்துக்கொண்டே தருவான். போன மாதம் அப்படித்தான் கால் பண்ணினேன், டர்னிலேயே இஸ்பேட் விழுந்தது, அவன் வைத்தான், நான் எல்லாவற்றையும் தள்ளினேன், வழக்கம்போல "பாத்துடலாம் மச்சான்" என்றான். அவன் கையில் இஸ்பேட் ஏஸும் ஜாக்கியும், என்னுடையதை விடப் பெரிய ஃப்ளஷ். 7, 5 மாதிரி சின்ன ஃப்ளஷ் டிராவுக்கு இந்த வியாதியும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.