கல்யாணப்பெண்ணாக வந்த தோர் – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம்தான் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் புராணங்களைப் படித்து முடித்தேன். தெய்வங்களின் அழிவைச் சொல்லும் ரக்னராக் பகுதி இரண்டு நாள் மனதைவிட்டுப் போகவில்லை. தெய்வங்களுக்குத் தாங்கள் சாகப்போவது தெரியும், யார் கையால் என்பதுகூடத் தெரியும், தெரிந்தே போருக்குப் போகிறார்கள். அந்தச் சூட்டோடு தம்பி சொன்னானென்று இடிக்கடவுள் தோரை நாயகனாக்கிய ‘தோர்: ரக்னராக்’ என்ற மார்வெல் படத்தைப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை கேலிதான். தெய்வங்களின் உலகமான அஸ்கார்ட் வெடித்துச் சிதறும்போதுகூட அந்தக் கல் மனிதன் கோர்க், அஸ்திவாரம் கெட்டியாக இருக்கும்வரை திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்கிறான், அடுத்த நொடியே அதுவும் போகிறது, மன்னிப்புக் கேட்கிறான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. தெய்வங்களின் மரணத்தை இப்படியா எடுப்பது? போதாததற்கு, தந்திரக்கார லோகியின் மகளும் இறந்தவர்களின் உலகை ஆள்பவளுமான ஹெல்லை, ஹெலா என்று பெயர் மாற்றித் தோருக்கு அக்காவாக்கிவிட்டார்கள். தோரின் சிவப்புத் தாடியையும் காணோம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, நீங்கள் படித்த புத்தகத்திலேயே ரக்னராக்குக்கு முந்தைய பக்கங்களை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். தோரைக் கோமாளியாக்கியது 2017-ல் வந்த இந்தப் படம் இல்லை.

த்ரிம் கதை ஞாபகம் இருக்கும். ஒருநாள் காலையில் தோர் கண்விழித்தால் சுத்தியலைக் காணவில்லை. த்ரிம் என்ற அரக்கன் அதைத் திருடி மண்ணுக்கடியில் புதைத்துவிட்டு, ஃப்ரேயா தேவியைக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். ஃப்ரேயா கோபத்தில் விட்ட மூச்சில் அவள் கழுத்தாரம் தெறித்து விழுகிறது. சரி, அவள் வரமாட்டாள், என்ன செய்வது? தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு, முகத்திரை மாட்டி, அந்த ஆரத்தையும் போட்டு அனுப்பலாம் என்று யோசனை சொல்கிறான் தெய்வங்களில் ஒருவனான ஹெய்ம்டால். லோகி தோழிப்பெண். கல்யாண விருந்தில் ‘மணப்பெண்’ ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று மூன்று பீப்பாய் மதுவையும் குடித்து முடிக்க, மாப்பிள்ளை அரண்டுபோகிறான். தோழி சமாளிக்கிறாள்: உங்களை நினைத்து ஏங்கி எட்டு ராத்திரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாவம். முத்தம் கொடுக்க முகத்திரையை விலக்கியவன் கண்களைப் பார்த்துப் பின்னால் துள்ளி விழுகிறான். எட்டு ராத்திரி தூங்கவும் இல்லையாம். அப்புறம் மணச்சடங்குக்காக அந்தச் சுத்தியலைக் கொண்டுவந்து ‘பெண்ணின்’ மடியிலேயே வைக்கிறார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும், ஒருவரும் பிழைக்கவில்லை.

இதை எழுதிவைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது ஏறக்குறைய 1000-ல். ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்து அறிஞர் இந்தப் புராணங்களைச் சொல்லும் உரைநடை எட்டாவை (Prose Edda) எழுதுவது அதற்கு இருநூறு வருடம் கழித்து. இந்தத் த்ரிம் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கும் தோல் சுவடியோ அதற்கும் பிந்தியது. கும்பிட்டவர்கள் எழுதியது எதுவும் இதில் இல்லை, கும்பிடுவதை விட்டுவிட்ட பேரப்பிள்ளைகள் கதை நன்றாயிருக்கிறதே என்று காப்பாற்றி வைத்தது. அதனால்தான் அந்தப் பாட்டே பிற்காலத்தில் எழுதிய நையாண்டியாக இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ‘ஒரிஜினல்’ என்று நாம் பயபக்தியோடு கையில் எடுப்பதே தள்ளி நின்று சிரித்தவர்களின் கைப்பட்டுத்தான் வந்திருக்கிறது.

ஹெலா விஷயம் வேடிக்கையானது. படத்தில் தோரின் தம்பியாக வரும் லோகி மூலத்தில் தம்பியே கிடையாது, தோரின் அப்பா ஒடினோடு ரத்தம் கலந்து சகோதர உறவு பூண்டவன். அதாவது தோருக்குச் சித்தப்பா முறை. சித்தப்பா மகள் நம் கணக்கில் அக்கா தங்கைதானே, விட்டுவிடுவோம்! விளையாட்டுக்குச் சொல்கிறேன். ஆனால் அவளை ஒடினின் மூத்த மகளாக மாற்றியதால்தான் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த காட்சியே கிடைத்தது. அரண்மனைக்குள் வருகிறாள், அண்ணாந்து பார்க்கிறாள், விதானத்தில் ஒடினும் குடும்பமும் சமாதானமும் விருந்துமாக வரைந்த ஓவியம். அதை உடைத்துக் கொட்டுகிறாள். அடியில் பழைய ஓவியம்: அதே ஒடின், பக்கத்தில் இவள், படைகள், பிணங்கள். இவ்வளவு தங்கமும் எங்கிருந்து வந்ததென்று நினைத்தீர்கள் என்று கேட்கிறாள். இயக்குநர் டைக்கா வைடிடி நியூசிலாந்துக்காரர், தந்தை வழியில் மாவோரி. நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பேரன் இந்தக் காட்சியை எடுப்பதற்கும் வேறொருவர் எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். உங்களை எரிச்சல்படுத்திய கோர்க்குக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். மூலத்தில் சிரிப்பும் சாவும் தனித்தனிப் பாட்டு. கல்யாணப் பாட்டில் துக்கம் கிடையாது. உலகம் முடிவதைச் சொல்லும் வொலுஸ்பா என்ற பாட்டில் யாரும் ஜோக்கடிப்பதில்லை, ஓநாய் ஒடினைக் கொல்கிறது, தோர் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து விழுகிறான், அவ்வளவுதான். அந்த ஒன்பது அடிக்குள் எவ்வளவு மௌனம்! படம் இரண்டையும் ஒரே இலையில் பரிமாறுகிறது, அதில் சாவுதான் ருசி கெட்டுப்போகிறது. முந்தைய படங்களில் தோருடன் சேர்ந்து சண்டை போட்ட வால்ஸ்டாக்கும் ஃபான்ட்ரலும் ஹெலா வந்து நின்றவுடனே சாகிறார்கள், கொஞ்ச நேரம் கழித்து ஹோகன். தோர் அவர்களுக்காக ஒரு நிமிடம்கூட நின்று வருந்துவதில்லை. எனக்கும் அது உறுத்தியது. கோர்க்கின் அந்த வசனமோ வேறு காரணத்துக்காகக் குறையாகப்பட்டது. வொலுஸ்பாவில் எல்லாம் எரிந்து முடிந்தபின் பூமி பச்சைப்பசேலென்று கடலிலிருந்து மறுபடி எழுகிறது, மிஞ்சிய தெய்வங்கள் புல்லுக்குள்ளே தாங்கள் முன்பு விளையாடிய தங்கக் காய்களைக் கண்டெடுக்கிறார்கள். திரும்பக் கட்டுவது மூலத்திலேயே இருக்கிறது, அதைப் படம் ஒரு நொடி ஜோக்காகச் செலவழித்துவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. ஸ்கர்ஜ் இருக்கிறானே, பூமியிலிருந்து கொண்டுவந்த இரண்டு துப்பாக்கிகளுக்கு டெஸ், ட்ராய் என்று பெயர் வைத்துப் பெண்களிடம் பீற்றிக்கொள்ளும் வெத்துவேட்டு, ஹெலாவுக்கு எடுபிடியாகி உயிரைக் காத்துக்கொண்டவன். கடைசியில் மக்கள் கப்பலேறித் தப்பும்போது அவனும் தலையை மூடிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்திருக்கிறான், பிறகு போர்வையை எறிந்துவிட்டு அதே டெஸ்ஸையும் ட்ராயையும் தூக்கிக்கொண்டு பாலத்தில் குதிக்கிறான். தனியாளாகப் பாலத்தைக் காத்து சாகும் ஸ்கர்ஜ், 1985-ல் வால்ட் சைமன்சன் மார்வெல் காமிக்ஸில் எழுதி வரைந்தது. ஆனால் முதலில் சிரிக்கவைத்த பொருளையே கையில் கொடுத்துச் சாக அனுப்பியது படம் செய்த வேலை. இன்னொரு முறை பார்த்தால் அந்த இடத்தில் தம்பியின் முகத்தைக் கவனியுங்கள்.

சிவப்புத் தாடிக்கு சினிமாவைத் திட்டாதீர்கள். 1962-ல் ஸ்டான் லீயும் அவர் தம்பி லாரி லீபரும் ஜாக் கிர்பியும் சேர்ந்து காமிக்ஸில் தோரை இறக்கியபோதே தாடியை மழித்து மஞ்சள் கூந்தலை நீளமாக வளர்த்துவிட்டார்கள். இந்தப் படத்தில் சண்டைக்கு முன் தோரை நாற்காலியில் கட்டிவைத்து, சுழலும் பிளேடுகளோடு வந்து அந்தக் கூந்தலை வெட்டுகிறாரே ஒரு கிழவர், அவர்தான் ஸ்டான் லீ.