கௌதாரியும் காட்டுக்கோழியும் – கடிதம்

அண்ணா, வணக்கம்.

போன கிழமை குடும்பமாகச் சிங்கராஜாவுக்குப் போயிருந்தோம். குடவ வாசலுக்குக் கிட்ட ஒரு காட்டுச் சேவல் பயமே இல்லாமல் மேய்ந்துகொண்டு நின்றது. அம்மா பூநகரியில் பிறந்து வளர்ந்தவ. பார்த்தவுடனே, “எங்கட கௌதாரியும் இதுவும் சொந்தக்காரர்” என்றா. மகன் ஒத்துக்கொள்ளவில்லை. கோழிக்குச் சொந்தம் மயில்தானாம். யார் சொல்வது சரி?

– வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொன்னதுதான் சரி. கோழி, கௌதாரி, காடை, மயில் எல்லாம் ஒரே பெருங்குடும்பம் என்பதால் மகன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் காட்டுக்கோழிக்குக் கிட்டிய உறவு கௌதாரிதான், மயில் கொஞ்சம் தள்ளித்தான் வருகிறது. ஒரு பறவை மண்ணைக் கிளறுவதையும் ஓடுவதையும் வைத்து அம்மா கண்டுகொண்டிருக்கிறா. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

நீங்கள் பார்த்த சேவலின் கொண்டையைக் கவனித்தீர்களா? சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு இருக்கும். ஊர்ச் சேவலுக்கு அது கிடையாது. உடம்பு செம்மஞ்சள், இறக்கையும் வாலும் கருநீலம். மழை விட்ட ஒரு காலையில் இதே குடவ பாதையில் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தரம் சருகைக் கிளறும், ஓரடி பின்னால் வைக்கும், தலையைச் சரித்துப் பார்க்கும். வெயில் விழுந்த இடத்துக்கு வந்தால் நெருப்பு மாதிரி. நிழலுக்குள் போனதும் ஆளைக் காணோம். பேடு மண்ணிறம், அது அடைகாக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இந்தக் கோழி இல்லை. நம் தேசியப் பறவையும் இதுதான். யாலவின் பற்றைக்காட்டிலும் இருக்கும், ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கும். மலையில் ‘நெலு’ என்கிற குறிஞ்சி இனச் செடிகள் பல வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்து பூத்து விதை சிந்தும்போது, அதைத் தின்னக் கூட்டமாக வந்துவிடும்.

கௌதாரி அப்படி எல்லா இடத்திலும் இராது. புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் உள்ள வறண்ட கரையோரம்தான் அதன் சீமை. அம்மாவின் ஊர்ப்பக்கம் கௌதாரிமுனை என்று ஒரு கிராமமே இருக்கிறதே! தலைமன்னார் வீதியோரம் விடியப்புறம் ஒரு சோடியைக் கண்டேன். உடைமரத்தடியில் வெறும் மண்தான் தெரிந்தது. அந்த மண் நகர்ந்த பிறகுதான் பறவை என்று புரிந்தது. உடம்பெல்லாம் மெல்லிய வரிகள். வெளிறிய தொண்டையைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டியது போல ஒரு கோடு. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே மாதிரி, ஆணின் காலில் முள் இருக்கும், அவ்வளவுதான். கிட்டப் போனால் பறக்காது, ஓடும். மறைய இலையில்லாத வெளியில் காட்டுச் சேவலின் அந்த நிற ஆடம்பரம் கௌதாரிக்குக் கட்டுப்படியாகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகனுக்கு இன்னும் ஒன்று. காட்டுக்கோழி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முட்டைதான் இடும். கௌதாரி ஆறு, எட்டு என்று இடும். 1789-இல் கௌதாரிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அதில் பாண்டிச்சேரியைச் சேர்த்துவிட்டார், இன்றைக்கும் அது ‘பொண்டிசெரியானஸ்’தான்.

குரலைக் கேட்டால் இரண்டையும் மாற்றிச் சொல்லவே மாட்டான். காட்டுச் சேவல் ‘ஜோர்ஜ் ஜோய்ஸ்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும் என்பார்கள் பறவை பார்க்கிறவர்கள். ஊர்ச் சேவலின் நீண்ட இழுவை அதில் இல்லை. கௌதாரி ‘கதீத்தர் தீத்தர்’ என்று வரவர வேகமெடுக்கும், ஒன்று தொடங்கினால் மற்றது சேர்ந்துகொள்ளும். வடஇந்தியாவில் அதற்குப் பெயரே தீத்தர்தான். அம்மாவுக்கு அந்தக் குரல் கட்டாயம் ஞாபகம் இருக்கும். ஒருமுறை அப்படியே கத்திக் காட்டச் சொல்லி, மகனை ஃபோனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள்.