அன்னக்கூடைக்கு அடியில் ஒரு கால்தடம்

கேள்வி: யாராவது ஒருவர் ‘சிறுத்தையைப் பார்த்தேன்’ என்றால் போதும், ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. காடே இல்லாத டெல்டாவில் சிறுத்தை எப்படி வரும்? ‘இந்த மாவட்டத்தில் சிறுத்தை கிடையாது’ என்று அதிகாரிகளே சொன்ன பிறகும், நாயையும் காட்டுப்பூனையையும் பார்த்து மிரண்டவர்கள் பேச்சை உங்கள் பத்திரிகை பெரிதாக்குவது ஏன்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பெரிதாக்கவில்லை. பார்த்தவர் சொன்னதை, அவர் சொன்னதாகவே போட்டோம். இனியும் போடுவோம்.

உங்கள் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2024 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு, மயிலாடுதுறை செம்மங்குளம் பகுதியில் சிறுத்தை நடமாடுவதாகத் தகவல் வந்தது. அது வயலும் வாய்க்காலும் தெருவுமாக இருக்கும் இடம். காடு இருக்கிற பச்சைமலைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் சிசிடிவி கேமராவில் சிறுத்தை பதிவாகியிருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கூண்டு வைத்தார்கள், தானியங்கி கேமராக்கள் கட்டினார்கள். சில நாள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறையில் சிறுத்தை நடமாட்டம் தெரிந்தது. முதலில் பார்த்துச் சொன்னவரை ‘நாயைப் பார்த்துப் பயந்தவர்’ என்று அனுப்பியிருந்தால், கேமராவைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

சரி, எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். நடந்துதான் வரும். ஆண் குட்டி ஒன்றரை, இரண்டு வயதில் தாயை விட்டுப் பிரிந்து தனக்கென்று ஓர் இடம் தேடிக் கிளம்புகிறது. இருக்கிற காட்டை ஏற்கெனவே பெரிய ஆண்கள் பிடித்து வைத்திருந்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். இரவில் நடக்கும், பகலில் படுத்துக்கொள்ளும். படுக்க ஆற்றங்கரை நாணல் போதும், சீமைக்கருவேலம் போதும், கரும்புத் தோட்டம் தாராளம். தின்ன நாயும் பன்றியும் ஆடும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற ஊர்ப்பக்கம் வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தானியங்கி கேமரா வைத்துப் பார்த்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் விவசாய பூமி அது. அங்கே நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. அவை வழிதவறி வந்தவை அல்ல. அங்கேயே வாழ்பவை. அதே மாநிலத்தில் 2009இல் இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டி விட்ட ‘அஜோபா’ என்ற வயதான ஆண் சிறுத்தை, வயலும் நெடுஞ்சாலையும் தாண்டி ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நடந்து மும்பை ஓரத்துக்கே போய்விட்டது. பட்டை இல்லையென்றால் அது வந்த வழி யாருக்குத் தெரிந்திருக்கும்?

அப்புறம் அந்த ‘கிடையாது’. அரசு ஆவணத்தில் ‘கிடையாது’ என்றால், ‘நாங்கள் பார்த்தவரை நிலையாக வாழ்வதற்குச் சான்று கிடைக்கவில்லை’ என்று பொருள். இன்று இரவு ஒன்று வராது என்று அந்தக் காகிதம் உறுதி தரவில்லை. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பூமா என்ற பெரிய பூனை வகை அழிந்துவிட்டது என்று 2011 மார்ச்சில் அங்குள்ள வனவிலங்குத் துறை முடிவு சொன்னது. மூன்றே மாதத்தில், ஜூன் 11 அன்று, அதே கிழக்கே கனெக்டிகட் மாநிலத்தில் மில்ஃபோர்ட் அருகே சாலையில் கார் மோதி ஒரு பூமா செத்துக் கிடந்தது. யாரோ வளர்த்துத் தப்பவிட்டதாக இருக்கும் என்றுதான் மாநில அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். டிஎன்ஏவைப் பரிசோதித்தபோது அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. வழியில் மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் சேகரித்து வைத்திருந்த மாதிரிகளோடும் அந்த டிஎன்ஏ பொருந்தியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. மாதிரியை யாரோ பொறுக்கி வைத்திருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. துறையின் முடிவு கிழக்கு வகையைப் பற்றியது, மேற்கிலிருந்து ஒன்று வந்ததால் அந்த முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் ‘பூமாவைப் பார்த்தேன்’ என்று அந்த வாரம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பார்த்ததாகச் சொல்வதில் பெரும்பாலானவை தப்பு. இங்கிலாந்தில் பாட்மின் மூர் என்ற மேட்டுநிலத்தில் கரும்பூதம் போல ஒரு பெரிய பூனை திரிகிறது என்று வருடக்கணக்காகப் பேச்சு. 1995இல் அரசே ஆள் அனுப்பியது. போட்டோ எடுத்த இடங்களுக்கே போய் அளவுகோல் நட்டுப் பார்த்தார்கள். படத்தில் சிறுத்தை போல் இருந்தது வீட்டுப்பூனை அளவுக்கு இறங்கியது. அறிக்கை வந்த கொஞ்ச நாளில் அங்கே ஓடும் ஃபோவி ஆற்றில் ஒரு பையன் மண்டையோடு ஒன்றை எடுத்தான். அசல் சிறுத்தை மண்டையோடுதான். ஆனால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்த்தபோது, உள்ளே வெப்பமண்டலக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தோல்விரிப்பின் தலை அது. எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது வேறொன்று. சான்று இல்லை என்று எழுதிவிட்டு, இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்றும் எழுதினார்கள். நம் அலுவலகங்களும் இப்படி இரண்டையும் சேர்த்து எழுதினால் பாதி வதந்தி அடங்கிவிடும்.

நிருபராக இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு செய்திக்காக ஒரு கிராமத்துக்குப் போனேன். ஓர் ஆயாவுடைய ஆட்டுக்குட்டியைக் காணோம். கொட்டகைக்குப் பின்னால் ஈர மண்ணில் அன்னக்கூடையைக் கவிழ்த்து, மேலே செங்கல் வைத்திருந்தார். தூக்கினால் ஒரு கால்தடம், விளிம்பு கலையாமல். தூறலில் கரைந்துவிடக் கூடாது, கோழி சீய்த்துவிடக் கூடாது என்று விடியற்காலையிலேயே மூடி வைத்திருக்கிறார். உடன் வந்த வனக்காவலர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். விரல்களுக்கு முன்னால் நகக்குறி நாலும் பதிந்திருந்தது. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். “நாய்தான் ஆயா” என்றார். ஆயா கோபப்படவில்லை. “அப்ப ஆட்ட தூக்குனதும் நாய்தானா, இல்ல அது வேறயா? சுத்தி வந்து பாருங்க” என்றார். அந்தக் காவலர் வேலியை ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வந்தார்.

அந்தத் தடம் நாயுடையது என்பதால் ஆயா சொன்னதை ‘மிரண்டவர் பேச்சு’ என்பீர்களா? செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவர் அவர். ‘கிடையாது’ என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறவர்தான் தன் வேலையைச் செய்யாதவர். எங்கேயோ எடுத்த பழைய வீடியோவை ‘நம்ம ஊர், நேற்று இரவு’ என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறவர் மேல்தான் நீங்கள் கோபப்பட வேண்டும். அவரால்தான் உண்மையாகப் பார்த்தவர் பேச்சு எடுபடுவதில்லை. பயந்த கூட்டம் கம்போடு கிளம்பினால், ஒதுங்கிப் போகிற மிருகமும் திரும்பிப் பாய்கிறது.

ஆகவே, உங்கள் தெருவில் யாராவது பார்த்தேன் என்று சொன்னால், எங்கே, எத்தனை மணிக்கு, வால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். விடிந்த பிறகு நாலு பேராகப் போங்கள். தடம் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேர் மேலேயிருந்து போட்டோ எடுங்கள். வளர்ந்த சிறுத்தைக்கு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், காட்டுப்பூனைக்கு அதைவிடச் சிறிதாக இருக்கும். எடுத்த பிறகு மேலே ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்துவிட்டு, ஆள் வரும்வரை யாரையும் அந்தப் பக்கம் மிதிக்க விடாதீர்கள்.